கூப்பிட்டால் வராத ஏகாம்பரம்

எங்கள் வீட்டு நாயின் பெயர் ஏகாம்பரம். தடுப்பூசி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அது வந்ததற்கு மட்டும் இதுவரை சாட்சி இல்லை.

பிரம்மதேசம் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எங்களோடு வந்தது. நாங்கள் அழைக்கவில்லை. மதிலோரம் உட்கார்ந்து நானும் மனைவியும் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். செவலை நிறத்தில், ஒரு காது மடங்கி ஒரு காது நிமிர்ந்த குட்டி ஒன்று எதிரே வந்து உட்கார்ந்தது. ஒரு பருப்பைப் போட்டேன். நாய் மல்லாட்டை தின்னுமா என்று பார்க்கிற ஆர்வம்தான், தர்ம சிந்தனையெல்லாம் இல்லை. தின்றது. இன்னொன்று போட்டேன். பொட்டலம் தீர்ந்தபோது அது என் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்பை விட்டுவிட்டு வருவதா, செருப்போடு நாயையும் எடுத்து வருவதா என்று யோசித்தேன். செருப்பு புதிது.

ஸ்கூட்டரில் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி மடியிலிருந்த குட்டியை இறக்கிவிட்டு இரண்டு நிபந்தனைகள் போட்டாள்.

“நீங்க காலையில டிரெயின் ஏறி விழுப்புரம் போனா பொழுது சாய்ஞ்சிதான் வர்றீங்க. நானும் ஸ்கூலுக்குப் போயிடறேன். பகல்ல பாத்துக்க ஆள் கெடைச்சாத்தான் இது இங்க இருக்கும். இல்லன்னா வர ஞாயித்துக்கெழமை எடுத்த எடத்துலயே கொண்டுபோய் உட்டுடணும்.”

“ரெண்டாவது?”

“டாமி, ஜிம்மி, புரூனோன்னு வெச்சீங்க, நான் சோறு வைக்க மாட்டேன். மூணாங்கிளாஸ் பசங்க பேரே எனக்கு வாயில நுழைய மாட்டேங்குது. வூட்லயாவது நுழையற பேரா இருக்கட்டும்.”

முதல் நிபந்தனையைப் பக்கத்து வீட்டம்மா தீர்த்துவைத்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர். அவருக்கு அறுபது வயதிருக்கும். கணவர் லைன்மேனாக இருந்து, நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவரும் முன்பே காலமானவர். அதனால் தெருவுக்கு அது ‘லைன்மேன் வூடு’, இவர் ‘லைன்மேன் வூட்டம்மா’. பிள்ளைகள் வெளியூரில். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார்.

“இங்க உட்டுட்டுப் போங்க சார். மெஷினுக்கு அடியில படுத்துக்கினு கெடக்கும். எனக்கும் பேச ஒரு ஆளு ஆச்சு.”

இனிப் பெயர்தான் பாக்கி.

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் மேசைக்கு வருபவை பெயர்த் திருத்த மனுக்கள். ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், இனிஷியல் இடம் மாறியிருக்கும், அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷமாகப் பிறர் பெயரைத் திருத்தியே பிழைக்கிறவன் ஆகையால், ஒரு நாய்க்குப் பெயர் வைக்கும் தகுதி மாவட்டத்திலேயே எனக்குத்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேசையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சில பெயர்கள் தகப்பனார் பெயருக்கான கட்டத்தில் மட்டும்தான் உயிரோடிருக்கின்றன. மனுதாரர் கட்டத்துக்கு அவை வருவதேயில்லை. புருஷோத்தமன், கோதண்டபாணி, தணிகாசலம் என்று, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டிய பெயர்கள். இப்போது வைக்கிற பெயர்கள் தும்மல் மாதிரி, ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடுகின்றன. அப்படியானால் பழைய பெயர்கள் எங்கே போகின்றன? கொஞ்ச காலம் கடைப் பலகையில் இருக்கும், பிறகு பேரனின் இனிஷியலாக ஓரெழுத்தில் ஒண்டிக்கொள்ளும், அதற்கப்புறம்? இவ்வளவு கம்பீரமான சரக்கு சும்மா கிடக்கிறதே, ஒரு நாயாவது போட்டுக்கொள்ளட்டுமே என்று தோன்றியது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

யாருக்கு நஷ்டம் என்பது அன்று மாலையே தெரிந்தது.

“புருஷோத்தமன்,” என்றேன்.

“எங்க பெரிய மாமா.”

“கோதண்டபாணி.”

“கெடார்ல எங்க சித்தப்பா. வருசா வருசம் மல்லாட்டை மூட்டை அனுப்பறவரு. நாய்க்கு வெச்சிட்டு அந்த மல்லாட்டையத் தின்னுவீங்களா?”

“தணிகாசலம்.”

“உங்க அப்பாவோட அண்ணன் பேரு உங்களுக்கே தெரியாதா?”

தெரியாதுதான். பெருமுக்கல்லில் இருக்கும் அவர், நான் பிறந்ததிலிருந்தே எனக்குப் பெரியப்பா. பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படும் என்று நான் எண்ணியதில்லை.

“அப்ப வரதராஜன்?”

மனைவி என்னைப் பார்த்தாள். அது என் மாமனாரின் பெயர் என்பது அந்தப் பார்வையில்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் கூட்டினால் நல்ல பெயர் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் பெயரை நாய்க்கு வைத்துவிட்டு அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் போய் இலை முன்னால் உட்கார முடியாது. ஆக வேண்டியது, அழகான, பழைய, ஆனால் எங்களுக்கு யாருமே அல்லாத ஒருவரின் பெயர்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். தெருக்கோடியில் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே குனிந்து நின்று கிளறுவது என் வழக்கம். வெகு நாள் முன்பு அதில் ஒரு பைண்டு தொகுப்பு கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தடித்த நூலால் தைத்து, அட்டை போட்டது. முதல் பக்கத்தில் நீல மையில் ‘ஏகாம்பரம்’ என்று எழுதியிருந்தது. ஏ-யின் கால் கீழே இறங்கி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடி, கடைசி எழுத்தின் கீழே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். கையெழுத்து அழகு என்றால் அது அழகு.

கதை சுமார். ஓரங்களில் அந்த மனிதர் எழுதி வைத்திருந்த குறிப்புகளுக்காகவே இரண்டு தடவை படித்தேன். ‘இவன் பொய் சொல்கிறான்.’ ‘இந்த வாரம் படம் நன்றாயில்லை.’ ‘கரண்ட் போய்விட்டது. நான் கிளம்பணும். மீதி நாளைக்கு.’ ஓரிடத்தில், கதாநாயகி காய்ச்சலில் படுத்திருக்கும்போது, ‘அடுத்த வாரம் செத்துவிடுவாள்’ என்று நீல மையில் பந்தயம். அடுத்த வாரப் பக்கத்தில் பென்சிலால் ஒரே சொல்: ‘சாகவில்லை.’ தன் தோல்வியைத் தானே எழுதி வைக்கிற அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. யாராயிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஏகாம்பரம் என்பதற்கு ஒற்றை மாமரம் என்று ஒரு பொருள் சொல்வார்கள், ஒற்றை ஆடை என்று ஒரு பொருள் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே சட்டையில் திரிகிற பிராணிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? மனைவி இரண்டு பக்க வம்சத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். “யாருமில்ல. வெச்சிக்குங்க,” என்றாள்.

கால்நடை மருத்துவமனையில் சீட்டு எழுதியவர் நிமிராமல், “பேரு?” என்றார்.

“ஏகாம்பரம்.”

“உங்க பேரு இல்ல சார். நாய் பேரு.”

“நாய் பேருதான்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப உங்க பேரு டாமியா?”

பக்கத்து வீட்டம்மாவிடம் அட்டையைக் காட்டிப் பெயரைச் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் தவறியது. நுனியை நாக்கில் ஈரம் பண்ணி மறுபடி கோத்தார். “நல்ல பேரு சார்,” என்றார். அதோடு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சில மாதங்களில்தான் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. நாய் பெயருக்குத் திரும்பவில்லை. செவிடு இல்லை, அடுக்களையில் மல்லாட்டை உடைபடும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கிற காது அதற்கு. நான் “ஏ…” என்று ஆரம்பித்தால் நிமிர்ந்த காது இன்னும் நிமிரும், முகத்தில் ஓர் ஆவல் வரும். “…காம்பரம்” என்று முடிப்பதற்குள் ஆவல் வடிந்து, தலை பழையபடி தரைக்குப் போய்விடும். ஏதோ நான் பாதிவரை சரியாகச் சொல்லிவிட்டு மீதியில் கோட்டைவிட்டது மாதிரி.

இன்னொரு விசித்திரம். என் மனைவி அடுக்களையிலிருந்து “ஏங்க” என்று குரல் கொடுத்தால், நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அது போய் நின்றிருக்கும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ‘ஏங்க’ என்பது நான் ஒருவன்தான். பொறாமை, உடைமை உணர்ச்சி என்று மனோதத்துவமாக ஏதேதோ சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க வர்றதுக்குள்ள அதாவது வருதே,” என்றாள் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டிலிருந்தேன். பழக்கம் கெடக்கூடாது என்று நாயை வழக்கம்போல் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். நண்பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

“ஏங்க… இன்னாங்க, வெயில்ல படுத்துக்கினு? உள்ள வாங்க. சோறு ஆறுது பாருங்க.”

லைன்மேன் வீட்டில் ஓர் ஆண் விருந்தாளி. அடுத்த வீட்டுச் சுவரை எட்டிப் பார்ப்பது கௌரவமான காரியம் அல்ல என்று எனக்குத் தெரியும். துவைக்கிற கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

விருந்தாளி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரு காது மடங்கியிருந்தது.

“கருவாடு இருந்தாத்தான் எறங்குமோ? அன்னைலேந்து இதே பேஜாருங்க உங்களோட. ஜல்தி துன்னுங்க, எனக்கு ரெண்டு ரவிக்கை பாக்கி கெடக்குது.”

சாயங்காலம் மனைவியிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“அந்தம்மா வூட்டுக்காரரு பேரு இன்னா?”

“லைன்மேன்.”

“அது வேலைங்க. பேரு?”

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஏதோ படிக்காதவர்கள் விஷயம் என்று நினைக்க வேண்டாம். என் மனைவி எம்.ஏ. அவள் வகுப்பில் என் பெயர்கொண்ட பையன் ஒருவன் இருக்கிறான். வருகைப் பதிவில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, அவன் முறை வந்ததும் “பதினேழு” என்பாள். பையனும் பழகிவிட்டான்.

அவள் கேள்வி முடிந்த அந்த நிமிடத்தில் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. போன தேர்தலில் அந்தம்மாவின் பூத் சிலிப் எங்கள் வீட்டுக்குத் தவறி வந்தது. அதில் ‘கணவர் பெயர்’ என்று ஒரு வரி இருக்கும். பெயர் படித்தே சம்பளம் வாங்கும் நான், அதைப் படிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தெருக்கோடிப் பேப்பர் கடைக்கு வேறெந்தத் தெருவின் புத்தகம் வரும்? எழுந்து போய்த் தொகுப்பைப் புரட்டினேன். ‘கரண்ட் போய்விட்டது. நான் கிளம்பணும்.’ கரண்ட் போனால் எல்லாரும் விசிறியைத் தேடுவார்கள், லைன்மேன்தான் கிளம்பிப் போவார். இதை இரண்டு தடவை படித்துச் சிரித்திருக்கிறேன்.

“நமக்கு யாருமே இல்லாதவரு பேருன்னீங்களே,” என்றாள் மனைவி. “செவுத்துக்கு அந்தாண்ட இருந்தவரு பேரு. அந்தம்மா மனசுல இன்னா நெனச்சிக்கினு இருந்தாங்களோ. நாளைக்கு மொத வேலையா போய் மன்னிப்புக் கேளுங்க. பேர மாத்துங்க. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க நாய உடறது? ஞாயித்துக்கெழமை பிரம்மதேசம்தான்.”

மறுநாள் காலை மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு போனேன். கேட்டில் பூட்டு. விழுப்புரத்துக்கு லைனிங் துணி வாங்கப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நாய் என் காலிடுக்கில் நின்று அந்தப் பூட்டை முகர்ந்தது. நான் எதிர்வீட்டுக்காரரிடம் துணி விலை பற்றி இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் காலிடுக்கு காலியாகியிருந்தது.

தெருவில் இல்லை. கோயில் குளத்தண்டை இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை தேடினேன். “ஏகாம்பரம்! ஏகாம்பரம்!” என்று கூவிக்கொண்டே கடைத்தெருப் பக்கம் போனேன். டீக்கடையில் வடை போடுகிறவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“யாரு சார் காணாம பூட்டாரு? பெரியவரா? மறதி கிறதி இருக்குதா?”

“நாய்ங்க.”

“நாயா? மெதுவா சொல்லுங்க சார், எங்க மொதலாளியோட அப்பா பேரு அது. உள்ளதான் கல்லாவுல உக்காந்துக்கினு இருக்காரு.”

கொஞ்ச தூரத்தில், விழுப்புரம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அதைப் பார்த்தேன். அந்தம்மா காலையில் பஸ் ஏறிய இடம்வரை மோப்பம் பிடித்து வந்திருக்க வேண்டும். அதற்குமேல் வாசனை பஸ்ஸோடு போய்விட்டது. சாலையின் நட்ட நடுவில் நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது.

“ஏகாம்பரம்!”

காது நிமிர்ந்தது, விழுந்தது. பஸ் இன்னும் கிட்டே வந்தது. ஓடிப் போய்ப் பிடிக்கிற வயதில்லை, வயிறும் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஏங்க!” என்று கத்தினேன். “ஏங்க! வாங்க! சோறு ஆறுது!”

அந்தச் சாலையில் ஏகாம்பரம் என்று கூவியதற்கு ஒருவரும் திரும்பவில்லை. இதற்கு நான்கு ஆண்கள் திரும்பினார்கள். ஒருவர் ஓடிக்கொண்டிருந்த மொபெட்டைக் காலூன்றி நிறுத்தினார். காய்கறிப் பை வைத்திருந்தவர் ஏதோ வாங்க மறந்துவிட்டவர் முகத்தோடு பையைத் திறந்து பார்த்தார். ஐந்தாவதாக நாய் திரும்பியது. வாலைச் சுழற்றிக்கொண்டு நேரே என்னிடம் ஓடி வந்து, தட்டு எங்கே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தது. பஸ் அதன் பின்னால் வந்து நின்றது.

“இன்னா சார் இது,” என்றார் மொபெட்காரர், நெஞ்சைத் தடவிக்கொண்டு. “ஆம்பளக் கொரல்ல கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி.”

பஸ்ஸிலிருந்து துணிப்பையோடு இறங்கிய பக்கத்து வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிப்பில் தோள் குலுங்கியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

வீடுவரை மூவரும் நடந்தோம். தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு எனக்கு மறந்துவிட்டது.

“தெரியாம வெச்சிட்டேன்மா. இன்னைக்கே பேர மாத்திடறோம்.”

“தெரிஞ்சிப்போச்சா,” என்றார். சிரிப்பு நின்றது. “எதுக்கு சார் மாத்தறது?”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே.”

“மொத நாளு சுருக்குன்னுதான் இருந்திச்சி. சொன்னா நீங்க கூச்சப்பட்டுக்கினு பேர மாத்துவீங்க, இல்ல நாய வேற எடத்துல உடுவீங்க. அதான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்.” துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டார். “நீங்களே சொல்லுங்க. மணின்னு மாத்தறீங்க. அப்புறம் நான் மணீன்னுதானே கூப்புடணும்? நாயப் போயி ஏங்கன்னு கூப்புட்டா தெருவுல சிரிக்க மாட்டாங்க? இந்தப் பேரு இருக்கறதாலதான் சார் நான் ஏங்கன்னு கூப்புட முடியுது. கேட்டா, ‘அவுரு பேராச்சே, வாயில சொல்லலாமா’ன்னு சொல்லிக்கலாம். அந்த வார்த்தைய நான் சொல்லி அஞ்சு வருசம் ஆயிருந்திச்சி.”

நாய் எங்களுக்கு முன்னால் வழி தெரிந்தவர் மாதிரி நடந்தது.

வீட்டுக்குப் போய்த் தொகுப்பை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். என் மனைவியும் கூடவே வந்து வாசற்படியில் நின்றாள். அந்தம்மா மெஷின்மேல் வைத்துப் பிரித்தார். பெயரின் கீழே ஓடிய அந்த நீல வாலை விரலால் தொடவில்லை, ஒன்றுமில்லை. விறுவிறுவென்று பக்கங்களைத் தள்ளி, காய்ச்சல் வாரத்துக்குப் போனார்.

“செத்துடுவான்னு எங்கிட்ட ஒரு வாரம் பூரா சண்ட சார். அவ சாவ மாட்டான்னு நான் சொன்னேன்.” பென்சிலில் இருந்த ‘சாகவில்லை’யைக் காட்டினார். “இது நான் எழுதனது.”

அது வேறு கையெழுத்து. கிறுக்கலான, சாய்ந்த எழுத்து. பென்சில் என்பதைக் கவனித்த நான் இதைக் கவனிக்கவில்லை. உத்தியோகமோ பெயர்த் திருத்தப் பிரிவில்.

“மூட்டையோட எடைக்குப் போட்டுட்டேன். இது போனது தெரியல,” என்றார். “இங்க இருக்கட்டுமா சார்?”

“உங்களுதும்மா.”

நாய் மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வாசற்படியிலிருந்து என் மனைவி, “அப்ப நாளைக்கு பிரம்மதேசம் போவல,” என்றாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்தம்மா கூப்பிட்டார். “சார், ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடுங்க. எம் முன்னால.”

“ஏகாம்பரம்,” என்றேன். அவர் பொருட்டு மூச்சை நன்றாக இழுத்து, கொஞ்சம் கம்பீரமாகவே.

நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

“பாத்தீங்களா,” என்றார் அந்தம்மா, என் மனைவியைப் பார்த்து. “கூப்புட்டா அவுரும் இப்பிடித்தான். கையில பொஸ்தகம் ஒண்ணுதான் கொறச்சல்.”